சுவருக்குத் தண்ணீர் காட்டிய மருதாசலம்

அத்தியாயம் 11

முதல் வாரத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு மருதாசலத்தின் குணம் தெரியும். ஒரு வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், சொன்னதற்கு மேல் ஒரு பங்கு செய்து வைப்பார். இந்த வாரம் அந்த ஒரு பங்குதான் குடும்பத்தையே பாடாய்ப் படுத்திவிட்டது.

இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மதுக்கரையில் ஒரு சிமெண்டு ஆலையில், மூட்டை கட்டும் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் மருதாசலம். கைவசம் சொந்தமாக அஞ்சு சென்ட் இடம். அதில் வீடு கட்டித் தருகிறேன் என்று வந்த மகள் மதிவதனி, கட்டடக்கலை படித்தவள், ஒரு மூட்டை சிமெண்டு கூட வேண்டாம் என்று தலையில் குண்டைப் போட்டாள். அந்த இடத்துச் செம்மண்ணையே தோண்டி, மிதித்து, அச்சில் அறுத்து, வெயிலில் மட்டும் காயவைத்த பச்சைக்கல்லில் கட்டப்போகிறாளாம். சிமெண்டுக்காரன் வீட்டில் மண் சுவரா என்று நாலு வாரம் நடந்த சண்டை, கடைசியில் ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. முதலில் ஒரே ஒரு அறை. அது நின்று காட்டினால் மிச்ச வீடும் மண்ணிலேயே.

அறை எழும்பிவிட்டது. இடுப்பளவுக்குக் கருங்கல் அஸ்திவாரம், அதன்மேல் ஒன்றரை அடிக் கனத்தில் பச்சைக்கல் சுவர், மேலே இடித்த வீடுகளிலிருந்து வாங்கிய பழைய ஓடு. மழைச்சாரல் சுவரைத் தொடாதபடி கூரை மூன்றடி வெளியே இறங்கி நின்றது. மேற்குப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கென்று அகலமான ஜன்னல். பூச்சு மட்டும்தான் பாக்கி.

கொத்தனார் கதிரேசன் மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போய்விட்டார். மதிவதனிக்குக் கோயமுத்தூரில் ஆபீஸ். "பாத்துக்குங்ப்பா" என்று சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போய் ஒன்பது நாள் ஆகிறது. மருதாசலமும் பார்த்துக்கொண்டார். காலையிலும் பொழுது சாயும்போதும் ஓஸ் பைப்பைப் பிடித்துச் சுவருக்கு உள்ளும் வெளியும் தண்ணீர் காட்டினார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. புதுச் சுவருக்குத் தண்ணீர் விடாதவன் மனுசனே இல்லை என்று முப்பத்தொரு வருஷம் ஆலையில் கேட்டு வளர்ந்த காது அது. "மண் செவுத்துல தண்ணி படக்கூடாதுங்ப்பா" என்று மதிவதனி சொல்லாமலும் இல்லை. அவள் மழையைச் சொல்கிறாள் என்று இவர் எடுத்துக்கொண்டார். மழைத் தண்ணி வேறு, புதுச் சுவரை இறுகவைக்கிற கியூரிங் தண்ணி வேறு என்பது அவர் கட்சி.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தக் கட்சி தோற்றது.

வழக்கம்போல மேற்குச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். காலடியில் சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. ஒன்பது நாளாக அது அப்படித்தான் ஓடுகிறது. புதுத்துணி சாயம் விடுவது மாதிரி என்று அவர் கவலைப்படவில்லை. திடீரென்று ஜன்னலுக்குக் கீழே சுவர் கொஞ்சம் வயிறு தள்ளியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு கல் நழுவிப் பொத்தென்று அவர் கால்மாட்டில் விழுந்து குழைந்தது. பின்னாலேயே இன்னும் மூன்று.

மருதாசலம் ஓடிப்போய்க் குழாயை மூடினார். அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. மதிவதனி.

"அப்பா, பாலுசாமி ஐயா இன்னிக்கே வாராருங்ப்பா!"

"அடுத்த வாரமுன்னு சொன்னியே கண்ணு?"

"ஈச்சனாரி கோயிலுக்கு வந்திருக்காங்களாமா. சாப்பிட்டுப்போட்டு மூணு மணிக்கு ரூமப் பாக்க வாரேன்னு இப்பத்தான் போன் பண்ணுனாருங்ப்பா. நான் லீவு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். ரூமு நல்லா இருக்குதில்லீங்ப்பா?"

மருதாசலம் தரையில் கிடந்த சிவப்புச் சேற்றைப் பார்த்தார்.

"இருக்குது கண்ணு," என்றார். "நீ வா."

பாலுசாமி பொள்ளாச்சிப் பக்கம் பெரிய தென்னந்தோப்புக்காரர். தோப்புக்குள் தானும் மனைவியும் கடைசி வரை இருக்க ஒரு வீடு கட்டவேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வேலை கிடைத்தால், மதிவதனி தன் பெயரில் வரைந்து தானே கட்டுகிற முதல் வீடு அதுதான். ஆறு வருஷமாக ஆபீஸில் அவள் வரைவதெல்லாம் இன்னொருவர் பெயரில்தான் வெளியே போகிறது. அது மருதாசலத்துக்குத் தெரியும். அவளை விட அவருக்குத்தான் அது அதிகமாக உறுத்தியது.

அவர்கள் குடியிருக்கும் வாடகை வீடு அடுத்த தெருவில்தான். டீ போசியோடு வந்த சின்னாத்தாள், சுவரைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள், ஓஸ் பைப்பைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நான் முருங்கைக்குத்தான் தண்ணி உடறீங்கன்னு நெனச்சுட்டிருந்தேன்?"

"முருங்கைக்கும் உட்டேன்."

"ஒம்பது நாளா ரண்டு நேரமும் செவுத்தக் குளிப்பாட்டி உட்டிருக்கீங்க. தல தொவட்டி உட்டீங்களா?"

"சின்னா, நேரங்கெட்ட நேரத்துல..."

"நான் சிரிக்கலீங்க. அவ வந்து அழுவாளே, அதத்தான் நெனைக்கறேன்." சொல்லும்போதே சின்னாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு டீயை ஊற்றிக் கொடுத்தாள்.

ஒன்பது மணிக்கு மதிவதனியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சுவரிடம் போனாள். பையிலிருந்து திருப்புளியை எடுத்து, நாலு மூலையிலும் குத்திப் பார்த்தாள். ஒவ்வொரு குத்துக்கும் மருதாசலத்துக்குத் தன் உடம்பில் குத்துவது போலிருந்தது. திட்டிவிட்டால் தேவலை என்று நினைத்தார்.

"எத்தன நாளுங்ப்பா?"

"ஒம்பது நாளு கண்ணு. ரண்டு நேரம்."

"கியூரிங்?"

"ஆமா."

மதிவதனி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் உதடு கோணிக்கொண்டு போனது. அப்படியே மண்குவியல்மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "உலகத்துல ஒருத்தரும் இந்தத் தப்பப் பண்ணியிருக்க முடியாதுங்ப்பா. மண் ஊட்டுக்கு கியூரிங் பண்றதுக்கு சிமெண்டு கம்பெனி ரிட்டயர் ஆளு ஒருத்தர் வேணும்!"

மருதாசலத்துக்கு அந்தச் சிரிப்பில்தான் மூச்சே வந்தது.

"மூலையெல்லாம் தப்பிச்சுதுங்ப்பா," என்று அவள் எழுந்து மண்ணைத் தட்டினாள். "மேலால ஒரு இஞ்சுதான் ஊறியிருக்குது. உள்ளுக்குள்ள கல்லு கெட்டியா இருக்குது. உழுந்தது ஜன்னலுக்குக் கீழ. அங்க மேல பாரமே இல்ல. ஜன்னல் சட்டத்துக்கு முட்டுக் குடுத்துட்டு, ஊறுன கல்லப் பூரா எடுத்துப்போட்டுப் புதுசா கட்டோணும். மூணு மணிக்குள்ள."

"கதிரேசன் இல்லியே?"

"நாம மூணு பேரு இருக்கறோமே."

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். சிமெண்டு மூட்டையைத் தவிர வேறெதையும் தொடாத மருதாசலம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிச் சேறு மிதித்தார். சின்னாத்தாள் கட்டியதுபோக மிச்சமிருந்த கல்லை எடுத்துக் கொடுத்தாள். மதிவதனி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு வரிசை வரிசையாகக் கட்டினாள்.

"இன்னும் நாலு மிதி மிதிங்ப்பா. கட்டி இருக்குது."

"இதுல ஒரு கரண்டி சிமெண்டு போட்டா..."

"அப்பா."

"கேட்டேன். அவ்வளவுதான்."

"எனக்கு நெம்ப நாளா ஆச," என்றாள் சின்னாத்தாள், கல்லை நீட்டியபடி. "இவரு மண்ணுல மிதிபடறதப் பாக்கோணும்னு."

இரண்டேகால் மணிக்கு ஜன்னலுக்குக் கீழே சுவர் பழையபடி நின்றது. ஒரே ஒரு வம்பு. புதிதாக வைத்த கல் உலர்ந்து வெளிறிக் கிடந்தது. சுற்றியிருந்த சுவர் ஈரத்தில் கருஞ்சிவப்பாக இருந்தது. கண் தெரிகிறவன் எவனும் கேட்பான். அதற்கு என்ன செய்வது என்று யோசிக்க நேரமில்லை. மூன்று பேரும் வீட்டுக்கு ஓடி, குளித்து, துணி மாற்றி வருவதற்குள் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றுவிட்டது.

மூன்று மணி வெயில் சித்திரை மாதத்து வெயிலாக இருந்தது. பாலுசாமி கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு இறங்கினார். பட்டுச் சேலையில் வேர்த்து விறுவிறுத்துப் போய் அவர் மனைவி குழந்தையம்மாள் பின்னால் வந்தார். சின்னாத்தாளுக்குப் பிறந்த ஊர் அவர்கள் ஊர்தான். கல்யாணத்துக்கு முன் அவர்கள் தோட்டத்தில் கடலைக்காய் பொறுக்கியவள். ஊருக்குப் போயிருந்தபோது மகளைப் பற்றி இவள் அடித்த பெருமைதான் குழந்தையம்மாள் காதுவழி பாலுசாமி வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

"வாங்க, வாங்க," என்று மருதாசலம் கும்பிட்டார். "உள்ளார வாங்க."

பாலுசாமி வாசற்படி தாண்டி ஓர் அடி வைத்தார். நின்றார். துண்டைத் தோளிலேயே போட்டுவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, ஏசி எங்க வெச்சிருக்கீங்க?"

"ஏசி இல்லீங்க," என்றாள் மதிவதனி. "செவுரு கனம். மேல ஓடு. மேக்க இருந்து வாரக் காத்து இந்த ஜன்னல்ல நொழைஞ்சு, கெழக்க மேல வெச்சிருக்கற தொவாரத்துல வெளிய போயிருது. அதுதானுங்க."

குழந்தையம்மாள் பேச்சுக்கே நிற்கவில்லை. அங்கே கிடந்த கயிற்றுக் கட்டிலில் போய் உட்கார்ந்து, காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார். சின்னாத்தாள் மோர் கொண்டுவந்து நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொரு டம்ளர் ஊத்து சின்னாத்தா" என்றார். சின்னாத்தாள் இரண்டாவது டம்ளரை ஊற்றும்போது அவள் முதுகு நிமிர்ந்திருந்ததை மருதாசலம் கவனித்தார்.

"அந்த ஜன்னலுக்குக் கீழ மட்டும் ஏன் வெளுத்துக் கெடக்குது?" என்று பாலுசாமி கேட்டார்.

மருதாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது இன்னிக்குக் கட்டுனதுங்க," என்றாள் மதிவதனி. அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

பாலுசாமி தலையாட்டிவிட்டுச் சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரிடம் போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "இருபத்தெட்டு! வெளிய கார்ல முப்பத்தெட்டு காட்டுச்சு. பத்து டிகிரி கொறைச்சல்ங்களா?" சின்னப் பையன் மாதிரி மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா, பத்து!"

மதிவதனியும் போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள். அப்புறம் அவள் பார்வை மெல்லச் சுவரின் அடிக்குப் போனது. அந்த ஒரு பார்வையில் மருதாசலத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முப்பத்திரண்டு இருக்கும் என்றுதான் அவள் கட்டும்போதே சொல்லியிருந்தாள். மிச்சம் நாலு டிகிரி ஓஸ் பைப்பிலிருந்து வந்தது. பானையில் ஊறின ஈரம் காற்றில் காயும்போது தண்ணீர் குளிர்கிற மாதிரி, ஊறிப்போன சுவர் அறையைக் குளிர வைத்துக்கொண்டிருந்தது.

"முடிவு பண்ணிப்போட்டேன் அம்மணி," என்றார் பாலுசாமி. "எங்க ஊட்டையும் இதே மாதிரி கட்டிக் குடுத்துருங்க. இதே குளுகுளுப்பு இருக்கோணும். வைகாசி பொறந்ததும் ஆரம்பிச்சரலாமுங்களா?"

மதிவதனி வாயைத் திறந்தாள்.

ஐயோ, சொல்லிவிடப் போகிறாள் என்று மருதாசலத்துக்குப் பதறியது. தப்புச் செய்தது அவர். தலைகுனிவு அவளுக்கா? தன் முதல் வீட்டு வேலை கைக்கு வருகிற நேரத்தில், அப்பன் செய்த கோமாளித்தனத்தை அந்தப் பிள்ளை தன் வாயால் சொல்லவேண்டுமா? அவர் ஓரடி முன்னால் வந்துவிட்டார்.

"ஏனுங்க, சித்த நில்லுங்க. இந்தக் குளுருல கொஞ்சம் பொய் இருக்குதுங்க."

பாலுசாமி திரும்பினார்.

மருதாசலம் எதையும் விடவில்லை. ஒன்பது நாள், இரண்டு நேரம், கியூரிங், காலையில் விழுந்த கல், சேறு மிதித்தது எல்லாவற்றையும் சொன்னார். "எம்பட புள்ள கட்டுனதுல ஒரு கொறையும் இல்லீங்க. நாந்தான் கெடுத்துப்போட்டேன். கெடுத்ததுல இப்படி ஒரு குளுரும் வந்துபோச்சுங்க. நாளைக்கு உங்க ஊடு காஞ்சு நிக்கும்போது இந்த அளவுக்கு இருக்காது. அப்ப நீங்க எம் புள்ளையப் பொய் சொன்னாள்னு நெனைக்கப்படாதுங்க."

குழந்தையம்மாள்தான் முதலில் சிரித்தார். கட்டிலே குலுங்கியது. பாலுசாமி சிரிக்கவில்லை. ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"காஞ்சா எவ்வளவு இருக்குமுங்க அம்மணி?"

"முப்பத்திரண்டு, முப்பத்திமூணு இருக்குமுங்க," என்றாள் மதிவதனி. "அளந்து பாக்காம உறுதியாச் சொல்ல மாட்டேனுங்க."

"அப்பச் செரி. ஞாயித்துக்கெழம இதே நேரத்துக்கு வாரேன். அதுவரைக்கும் இந்தச் செவுத்துமேல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. அன்னிக்கு தெர்மாமீட்டரு என்ன சொல்லுதோ அத வெச்சு முடிவு பண்ணிக்கலாம்." மருதாசலத்தை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களத்தான் சொல்றனுங்க."

"அந்தக் கொழாயையே கழட்டிப்போடறனுங்க."

பாலுசாமி காருக்கு நடந்தார். மதிவதனி பேசிக்கொண்டே கூடப் போனாள். குழந்தையம்மாள் வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் பின்தங்கினார். கார்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மருதாசலத்திடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்காதுங்க. எங்க பையன் மனோஜு வெள்ளிக்கெழம காத்தாலைக்குத் தோப்புக்கு ஜேசிபி வரச் சொல்லிப்போட்டான். அப்பனோட அறுவதாம் கல்யாணத்துக்கு சொல்லாம கொள்ளாம ஒரு கான்கிரீட் ஊடு கட்டிக் குடுக்கறானாமா. ஆசையாப் பண்றானுங்க, பாவம். அப்பங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டான். குழி தோண்டிப்போட்டா இவரு புள்ள மனசு நோகுமுன்னு சும்மா இருந்துக்குவாரு. எனக்கு இந்த மாதிரி ரூமுலதான் கட்டில் போடோணும். என்ன பண்ணுவீங்களோ, எம் பேரு மட்டும் வரக்கூடாதுங்க."

செருப்பு அவர் காலில்தான் இருந்தது. போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

கார் திருப்பத்தில் மறையும் வரை மூன்று பேரும் நின்றார்கள். சின்னாத்தாள் டம்ளர்களை எடுக்க உள்ளே போனாள். மதிவதனி வாசற்படியில் உட்கார்ந்தாள். மருதாசலமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ வாயெடுக்கறதுக்கு முன்னால நாஞ் சொல்லிப்போட்டேன் கண்ணு. நீ சொல்லிக் கேக்க எனக்கு மனசு வரல."

அவள் நிமிரவில்லை. நகத்திலிருந்த செம்மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நான் அதச் சொல்றதுக்கு வாயத் தொறக்கலீங்ப்பா."

"அப்பறம்?"

"வைகாசில ஆரம்பிச்சரலாமுங்கன்னு சொல்றதுக்குத்தான் தொறந்தேன்." அவள் குரல் உடைந்தது. "தெர்மாமீட்டரப் பாத்ததுமே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொல்ல இருந்தேன். ஆறு வருசமுங்ப்பா. ஒரு ஊடு. எம் பேருல ஒரே ஒரு ஊடு வேணுமின்னு இருந்துச்சு."

மகளை மருதாசலம் தன்னைவிட மேலான ஆளாக வைத்திருந்தார். இப்போதும் அப்படித்தான் வைத்திருக்கிறார். ஆனால் அவளும் ஆசைப்படுகிற பிள்ளைதான் என்று தெரிந்ததில், அவருக்கு அவள்மேல் பாசம் இரண்டு மடங்காகிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டார். இருவர் கையிலும் ஒரே மண் ஒட்டியிருந்தது.

மதிவதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். "நீங்க சொன்னதுதான் செரிங்ப்பா. இப்ப நிம்மதியா இருக்குது. இந்த வெயிலுக்கும் காத்துக்கும் ஞாயித்துக்கெழமைக்குள்ள செவுரு நல்லாக் காஞ்சிரும். நமக்கு அஞ்சு நாளு இருக்குது."

தன் பேர் வரக்கூடாது என்று குழந்தையம்மாள் கேட்டுக்கொண்டது அவர் வாயை ஒரு நிமிஷம் கட்டிப்போட்டது. ஒரு நிமிஷம்தான்.

"இல்ல கண்ணு," என்றார் மருதாசலம். "ரண்டு நாளுதான் இருக்குது."